கதவில்லாத காருக்கு ஓர் எஞ்சின்

ஜனவரி 6, செவ்வாய்

எஞ்சின் கம்பெனியிலிருந்து கடிதம். மூன்றே வரி. இந்த சீசனில் அவர்களுடைய எஞ்சின்கள் "தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு அணிகளுக்கு" மட்டுமாம். இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றியாம்.

ஐந்து வருடம் அவர்களிடம் எஞ்சின் வாங்கினோம். அவர்கள் ஸ்டிக்கரைக் காரின் மூக்கில் ஒட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடினோம். அதற்குப் பெயர் ஒத்துழைப்பு.

அந்த இரண்டு அணிகள் எவை என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். ஒன்றின் முதலாளி டிராக்குக்கு ஹெலிகாப்டரில் வந்து இறங்குவார். இன்னொன்றின் ஷெட்டில் தரை முழுக்க மார்பிள். மீதி ஒன்பது சின்ன அணிகளுக்கும் இதே மூன்று வரிதான் போயிருக்கும், பெயரை மட்டும் மாற்றி. எங்களுக்கு வந்ததில் அந்தப் பெயரையும் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

சித்தி படித்தாள். மடித்தாள். ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு அடியில் வைத்தாள். மேஜையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்து, "இப்போ ஆடல," என்றாள்.

ஜனவரி 7, புதன்

எனக்கே தெளிவாகட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

நாங்கள் ஓட்டுவது ஒற்றை இருக்கை ரேஸ் கார். நீளம், தட்டை, மேலே திறந்தது. ஓட்டுபவரின் தலை மட்டும் வெளியே தெரியும். காரை நாங்களே கட்டிக்கொள்ளலாம், எஞ்சினைக் கட்ட முடியாது. யாராவது ஒரு கம்பெனி கொடுக்க வேண்டும், சீசன் முடியும்வரை பழுது பார்த்துத் தர வேண்டும். பிப்ரவரி 20-ஆம் தேதி ரேஸ் சங்கத்தின் ஆய்வாளர் வருவார். அவர் முன்னால் எஞ்சினை ஓட்டிக் காட்டி அதன் எண்ணைப் பதிவு செய்ய வேண்டும். செய்யாத அணிக்கு இந்த வருடம் இடம் கிடையாது. முதல் ரேஸ் மார்ச் 8.

அணி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சித்தி லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறாள். அதன் பின்பக்க ஷெட்தான் எங்கள் இடம். சித்தப்பா காரை ஏற்றிச்செல்லும் டிரக்கை ஓட்டுவார், எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கவலைப்படுவார். வெல்டர் ஒருவர், வாய் கொஞ்சம் நீளம். நான் ஸ்பானரும் பிடிப்பேன், கடிதமும் எழுதுவேன். ஓட்டுவது சித்தி மகள். வளைவில் அவள் கார் சாலையைவிட்டுக் கிளம்பவே கிளம்பாது என்பதால் பல்லி. என்னைவிட மூன்று மாதம் இளையவள். அக்கா என்று கூப்பிடச் சொல்லி இருபத்தைந்து வருடமாகக் கேட்கிறேன்.

மற்ற ஓட்டுநர்கள் வார நாட்களில் ஜிம்முக்குப் போகிறார்கள். பல்லி ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள்.

"ஒரு வருஷம் வெளிய உட்கார்ந்தா அவ்ளோதான்டி," என்றாள் இன்று டயரை உருட்டிக்கொண்டே. "அப்புறம் யாரும் ஞாபகம் வச்சுக் கூப்பிட மாட்டாங்க. நான் என்ன பெரிய வீட்டுப் பொண்ணா?"

எங்கள் வீட்டுப் பெண். அதுதான் பிரச்சினை.

ஜனவரி 9, வெள்ளி

எஞ்சின் கேட்கும் அணிகள் நிரப்ப வேண்டிய படிவம், சங்கம் அச்சடித்தது. பதினொரு கம்பெனிக்குப் பதினொரு பிரதி. பதினான்காவது கேள்வி: "கடந்த சீசனில் எஞ்சின் எத்தனை முறை சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓட்டப்பட்டது?"

சிவப்புக் கோடு என்பது, இதற்கு மேல் சுழற்றினால் எஞ்சின் கெடும் என்று மீட்டரில் போட்டிருக்கும் எல்லை. எல்லா அணியும் தாண்டும். எல்லா அணியும் "இல்லை" என்று எழுதும். திருப்பிக் கொடுக்கும்முன் பதிவை அழித்தும் விடுவார்கள். இது ஊரறிந்த வழக்கம்.

நான் 41 என்று எழுதினேன். எந்த டிராக், எந்தச் சுற்று, எந்த கியர், யார் தப்பு என்று இரண்டு பக்கம் இணைத்தேன். இருபத்தாறு பல்லியின் தப்பு. ஒன்பது, பிரேக்கை நான் சரியாக வைக்காதது. மீதி ஆறு, என்னவென்றே தெரியவில்லை. அதையும் அப்படியே எழுதினேன்.

பொய் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஹெலிகாப்டர்காரர் எஞ்சின் வெடித்தது. அவர்கள் படிவத்தில் "இல்லை". அப்படியானால் தப்பு யாருடையது? எஞ்சினைப் பூட்டிய ஆளுடையது. அந்த ஆளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அந்த மனிதர் கடைசி நாளில் தன் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றதை நான் பார்த்தேன். படிவத்தில் ஒரு சொல். ஒருவர் வேலை போக அது போதும்.

வெல்டர் எட்டிப் பார்த்தார். "ஆபீசரம்மா, வீட்டை வாடகைக்கு விடறப்போ ஒழுகற இடத்தையெல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டுக் காட்டுவீங்களா?"

"ஒழுகும்போது குடியிருக்கறவங்க எப்படியும் பார்ப்பாங்க இல்ல?"

"பார்ப்பாங்க. அட்வான்ஸ் கொடுத்ததுக்கு அப்புறம் பார்ப்பாங்க."

ஜனவரி 13, செவ்வாய்

தபாலில் ஒன்றுமில்லை. சித்தப்பா வாசலுக்கு ஆறு தடவை போய்வந்தார். கேட்டால், "காத்து வாங்கப் போனேன்" என்கிறார்.

ஜனவரி 17, சனி

மூன்று பதில்கள். முதலாவது கம்பெனி இனி படகு எஞ்சின் மட்டும்தான் செய்கிறது. நல்ல படகு வாங்க வாழ்த்துகள் என்று ஒரு விளம்பரத் தாளும் வைத்திருக்கிறது. இரண்டாவது, "பரிசீலித்தோம், இயலவில்லை." மூன்றாவது கம்பெனி ஆள் போனிலேயே கூப்பிட்டான். "மேடம், நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கீங்க, நாலா ஒண்ணா?" என்றான். நாற்பத்தொன்றுதான் என்றேன். ரிசீவரைக் கையால் மூடாமலே பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிச் சிரித்தான். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "பதில் என்ன?" என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சித்தி கேட்டுவிட்டாள்.

"உன்னை யாரு உண்மையை எழுதச் சொன்னது?"

"கேள்வி கேட்டிருந்தாங்க சித்தி."

"எனக்குக்கூட டாக்டர் கேள்வி கேட்பாரு. இனிப்பு சாப்பிடறீங்களான்னு. நான் என்ன சொல்றேன்?"

சித்தப்பா மெதுவாக, "அதனாலதான் உனக்கு மாத்திரை கூடிக்கிட்டே போகுது," என்றார். அதற்கப்புறம் சண்டை அவர்கள் இரண்டு பேருக்கும் என்று ஆகிவிட்டது. நான் நழுவினேன்.

ஜனவரி 21, புதன்

பெரிய கம்பெனி கூப்பிட்டது. படிவம் அனுப்பிய பதினொன்றில் ஆகப் பெரியது. சித்தியும் நானும் போனோம்.

கண்ணாடிக் கட்டடம். உள்ளே ஒரு சுவர் அளவுக்குப் போஸ்டர்: "வேகம் எல்லோருக்கும்." அதற்குக் கீழே ஒரு பெண் மண்டிபோட்டு எங்கள் செருப்புத் தடத்தைத் துடைத்தாள். நாங்கள் நடக்க நடக்கத் துடைத்துக்கொண்டே வந்தாள். சித்தி பாதியில் நின்று, "இரும்மா, நாங்க போயிடறோம், அப்புறம் ஒரே தடவையா துடைச்சுக்கோ," என்றாள். அந்தப் பெண் கேமரா இருந்த மூலையைப் பார்த்துவிட்டுத் துடைத்தாள்.

மேனேஜர் இனிமையான மனிதர். காபி நன்றாக இருந்தது. எங்கள் படிவத்தை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. உறையில் ஒட்டியது ஒட்டியபடி மேஜைமேல் கிடந்தது. எஞ்சின் தருகிறார். மூன்று தருகிறார். ஒரு ஆளையும் கூட அனுப்புகிறார். ஒரே ஒரு சின்ன மாற்றம் மட்டும்.

"எங்க டீலர் ஒருத்தரோட மகன். நல்ல பையன். அவன் ஓட்டணும்."

"எங்க டிரைவர் இருக்காளே," என்றாள் சித்தி.

"நல்லாதான் ஓட்டுறாங்க, பார்த்திருக்கேன். ஆனா பாருங்க, நாளைக்கு போஸ்டர்ல போடணும். ஸ்கூல் வேன் ஓட்டறவங்கன்னு எப்படிப் போடறது?"

நான் சொன்னேன்: "வேகம் எல்லோருக்கும்னு மேலேயே போட்டுட்டீங்களே. கீழ சின்ன எழுத்துல 'ஸ்கூல் வேன் ஓட்டறவங்க தவிர'ன்னு சேர்த்துக்கலாமே."

சித்தி மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். லாரி பட்டறைச் செருப்பு. இன்னும் வலிக்கிறது.

ஜனவரி 22, வியாழன்

பெரிய கம்பெனி அதையே எழுத்தில் அனுப்பிவிட்டது. உறை என் கைக்குத்தான் வந்தது. சித்தி வீட்டில் இன்னும் பல்லியிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்கிறாள். கடிதத்தை போல்ட் டப்பாக்கள் இருக்கும் இழுப்பறையில் அடியில் வைத்திருக்கிறேன்.

ஏன் வைத்தேன்? காட்டினால் சித்தி கோபத்தில் கிழிப்பாள், அல்லது பயத்தில் கையெழுத்துப் போடுவாள். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கணக்காக யோசித்தால்? அணி இருந்தால் வெல்டருக்கு வேலை, எனக்கு வேலை. அடுத்த வருடம் பல்லியைத் திரும்ப உட்கார வைக்கலாம். வைக்கலாமா? வைப்பார்களா? மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

ஜனவரி 25, ஞாயிறு

பல்லி பத்து மில்லி போல்ட் தேடினாள். கிடைத்தது கடிதம்.

நின்றபடியே படித்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எத்தனை நாளா தெரியும்?"

"நாலு."

"நாலு நாளா என்கூடத்தான் சாப்பிட்டே."

"உனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு..."

"என்னைக் கேட்காம என்னைக் காப்பாத்தாத." கடிதத்தை என் சட்டைப் பையில் செருகினாள். "அந்தக் கம்பெனிக்காரன்தான் என்னைக் கேட்காம என்னைப் பத்தி முடிவு பண்றான். நீயுமா?"

பெரிய பெரிய வாதமெல்லாம் பேசுகிறேன். செய்தது மேனேஜர் செய்ததைத்தான், காபி இல்லாமல்.

ஜனவரி 26, திங்கள்

வீட்டு ஆட்கள் நான்கு பேரும் ஷெட்டில் உட்கார்ந்து பேசினோம். வெல்டர் முகமூடியைக் கழற்றாமலே கலந்துகொண்டார். பல்லி சொன்னதைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை: "வேற எஞ்சின் கிடைக்கலைன்னா சரின்னு சொல்லிடுங்க. நான் போறதும் டீம் போறதும்னு ரெண்டும் போகணுமா?"

சித்தி எழுந்து போய் மேனேஜருக்குப் போன் செய்தாள். யோசிக்க நேரம் வேண்டும் என்றாள். பிப்ரவரி 16, மதியம் பன்னிரண்டு மணி வரை கொடுத்திருக்கிறார்.

பல்லி இன்று என்னிடம் பேசிய மொத்த வார்த்தைகள்: "தள்ளு." நான் ஜாக்கை மறித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

பிப்ரவரி 2, திங்கள்

விடிந்ததும் ஒரு போன். முரட்டுக் குரல்.

"நாப்பத்தொண்ணு எழுதினது யாரு?"

இன்னொருவன் சிரிக்கக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். "நான்தான். சிரிக்கறதா இருந்தா சீக்கிரம் சிரிங்க, வேலை இருக்கு."

"நான் எதுக்கும்மா சிரிக்கணும்? உன் லிஸ்ட்ல பதினெட்டாவது பாரு. மூணாவது கியர், மேடு ஏறி இறங்கற இடம். அதுக்கப்புறம் எண்ணெய் அழுத்தம் எவ்ளோ இருந்துச்சு?"

டெலிவரி வேன் எஞ்சின் செய்யும் ஒரு தொழிற்சாலையின் டெஸ்ட் ரூமிலிருந்து பேசினார். பதினோராவது உறை, வேறு வழியில்லாமல் அனுப்பியது. அவருடைய வேலை, எஞ்சினை உடையும்வரை ஓட்டி, எங்கே உடைந்தது என்று எழுதுவது. சேல்ஸ் ஆபீசில் எங்கள் படிவத்தைக் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்களாம். டீ குடிக்கப் போனவர் எடுத்திருக்கிறார்.

நாற்பது நிமிடம் பேசினோம். என்ன எஞ்சின் என்று கேட்கவே மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

தொழிற்சாலைக்குப் போனேன். பல்லியும் வந்தாள், கேட்காமலே டிரக்கில் ஏறி உட்கார்ந்திருந்தாள். வழியில் இரண்டு மணி நேரம் மௌனம். பிறகு, "ஜன்னலை ஏத்து, தூசி," என்றாள். முன்னேற்றம்.

டெஸ்ட் ரூமில் எஞ்சின் கண்ணாடி அறைக்குள் குளிர் காற்றில் ஓடுகிறது; எப்போதும் ஒரே வெப்பம் இருக்க வேண்டுமாம். வெளியே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற எட்டுப் பேருக்கு ஒரு மின்விசிறி. அதுவும் ஒரு பக்கம்தான் திரும்பும். நான் இதைச் சொன்னதும் போனில் பேசியவர், "எஞ்சின் எடுத்த லீவை நான் எடுத்ததில்லம்மா," என்றார்.

உடைப்பவர் என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். குட்டையான ஆள், ஒரு காது கேட்காது, கேட்கும் காதை எஞ்சின் பக்கம்தான் திருப்பி வைத்திருக்கிறார்.

"வேன் ஓட்டறவங்க எல்லாரும் பொய் சொல்றாங்க," என்றார். "அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. உண்மையைச் சொன்னா சம்பளத்துல பிடிப்பாங்க. அதனால எனக்கு வர்ற ரிப்போர்ட் எல்லாம் சாமியார் ஓட்டின மாதிரி இருக்கு. எஞ்சின் மட்டும் செத்துப்போய் வருது."

சோதனைக்கு என்று மூன்று எஞ்சின்களை அவர் கையெழுத்திலேயே வெளியே கொடுக்கலாம். ஒன்று இப்போது, இரண்டு பிறகு. நிபந்தனை இரண்டு. நடந்ததெல்லாம் நடந்தபடி எழுத வேண்டும். எஞ்சினோடு வரும் ஒயர்கள் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது. போனது போனபடி திரும்பிவர வேண்டும்.

சக்தி கொஞ்சம் குறைவு. எடை பதினெட்டு கிலோ அதிகம். "ஆனா சாகாது," என்றார். "எனக்கே அலுத்துப்போய் நானே நிறுத்தினதுதான் அதிகம்."

திரும்பும்போது பல்லி சொன்னாள்: "அந்த இருபத்தாறுல நாலு என் தப்பில்ல. டயர்."

"எழுதித் திருத்தி அனுப்பறேன்."

"அனுப்பு." கொஞ்ச நேரம் கழித்து, "லூசு," என்றாள்.

சமாதானம் ஆகிவிட்டது.

பிப்ரவரி 11, புதன்

எஞ்சின் வந்தது. கூடவே ஒரு கட்டு ஒயர், சோம்பேறி மலைப்பாம்பு மாதிரி. வேனின் மொத்த ஒயரிங்கும் அதில் இருக்கிறது. கடைசி நுனியில், பின்னால் போகும்போது பீப் பீப் என்று கத்தும் பெட்டி.

"இதை என்ன பண்றது?" என்றார் வெல்டர்.

"வெட்டக் கூடாது. பின்னாடி கட்டி வைங்க."

"ரேஸ் கார்லயா? அடுத்து கூரையில சாமான் கட்டலாமா?"

திட்டிக்கொண்டேதான் இரண்டே நாளில் எஞ்சின் உட்காரத் தாங்கிகள் செய்து முடிக்கப்போகிறார். அவர் திட்டாத நாளில்தான் வெல்டிங் சரியாக இருக்காது.

பிப்ரவரி 14, சனி

உட்கார வைத்தோம். எல்லாம் இணைத்தோம். சித்தப்பா தீயணைப்பானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பல்லி பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றுமில்லை.

ஒரு முனகல்கூட இல்லை. பாட்டரி மாற்றினோம். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி மேஜையில் வைத்துத் தனியாக ஓட்டினோம், ஜோராகச் சுற்றுகிறது. காரில் வைத்தால் ஊமை.

உடைப்பவரைப் போனில் பிடித்தேன். எண்ணெய், பெட்ரோல், ஃபியூஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் சரி. "இங்க கிளம்பிச்சும்மா, நான் என் கையால கிளப்பினேன்," என்றார். முதல் தடவையாக அவர் குரலில் சந்தேகம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

கியர்பாக்ஸைப் பிரித்தோம். சும்மா. வேறு பிரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

வெல்டர் இன்று ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை.

நாளை மதியம் பன்னிரண்டு. மேனேஜருக்குச் சம்மதக் கடிதத்தைத் தட்டச்சு செய்யச் சொன்னது பல்லிதான். செய்தேன். "டீலர் மகன் என்ன உயரம்னு கேளு. சீட்டை நகர்த்தணும்," என்றாள். அவளே அந்த சீட்டின் போல்ட்டைத் தளர்த்திவிட்டு வீட்டுக்குப் போனாள். எனக்கு அந்தக் கண்ணாடிக் கட்டடத்தின்மேல் ஒரு லோடு செங்கல்லைக் கொட்ட வேண்டும் போலிருந்தது. அப்புறம் அந்தத் துடைக்கிற பெண் ஞாபகம் வந்தது. கண்ணாடியை அவள்தான் பொறுக்க வேண்டியிருக்கும்.

பிப்ரவரி 16, திங்கள்

ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பல்லியின் போன். பின்னால் பள்ளிக்கூட மணிச் சத்தம்.

"ஏய், நம்ம எஞ்சினுக்குக் கதவு எங்கடி?"

"எந்தக் கதவு?"

"வேன்ல ஒரு பையன் புத்தகப் பை கதவுல மாட்டிக்கிச்சு. சரியா சாத்தல. சாவியைத் திருப்பறேன், செத்த மாதிரி கிடக்கு. பையை இழுத்து கதவைச் சாத்தினதும் கிளம்பிடுச்சு. இந்த மாதிரி வேன் எல்லாம் கதவு திறந்திருந்தா கிளம்பாத மாதிரி செஞ்சிருக்காங்க. அதுவும் வேன் எஞ்சின்தானே? அது கதவு சாத்தட்டும்னு காத்துக்கிட்டு இருக்கு."

நான் காரைப் பார்த்தேன். கதவு. எங்கள் காரில் கதவே கிடையாது. மேலேயிருந்து உள்ளே இறங்குவோம். எங்கள் ஐந்து பேரின் ஆயுளில் ஒரு ரேஸ் காரின் கதவைப் பற்றி ஒரு நிமிடம்கூட யாரும் யோசித்ததில்லை.

உடைப்பவருக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் அவர் தன் நெற்றியில் அறைந்துகொண்டது கேட்டது. டெஸ்ட் ரூமில் அந்த இடத்தில் பன்னிரண்டு வருடமாக, கதவு சாத்தியிருக்கிறது என்று எஞ்சினை நம்பவைக்க ஒரு போலி பிளக் செருகியே இருக்கிறதாம். வேனுக்குக் கதவு உண்டு என்பதையே மறந்துவிட்டார்.

மலைப்பாம்பைத் தடவி அந்த ஒயரைத் தேடிப் பிடித்தோம். ஒயரை வெட்டக் கூடாது. சரி, கதவு செய்துவிடலாம். பழைய லாரிக் கதவின் சுவிட்ச் சித்தியின் பட்டறையில் கிடந்தது. பல்லி வேனை நிறுத்திவிட்டு ஓடிவந்து யோசனை சொன்னாள்: எஞ்சின் மூடியின் கொக்கிக்குக் கீழே வை, மூடியை இறுக்கமாகப் பூட்டினால் சுவிட்ச் அமுங்கும். வெல்டர் பதினைந்து நிமிடத்தில் பற்றவைத்தார்.

மூடினோம். அழுத்தினாள்.

கிளம்பியது. ரேஸ் எஞ்சின் மாதிரி அலறவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற ஆள் மாதிரி ஒரு சத்தம். சித்தப்பா தீயணைப்பானைக் கீழே வைத்துவிட்டு அழுதார்.

பதினொன்றே முக்காலுக்கு சித்தி மேனேஜரைக் கூப்பிட்டாள். "எங்களுக்கு எஞ்சினும் இருக்கு, டிரைவரும் இருக்கு. காபிக்கு நன்றி." வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மரியாதையாத்தானே பேசினேன்?"

பிப்ரவரி 20, வெள்ளி

ஆய்வாளர் வந்தார். கொக்கிக்குக் கீழே குனிந்து, "இது என்ன சுவிட்ச்?" என்றார்.

"மூடி சரியா பூட்டலைன்னா எஞ்சின் கிளம்பாது சார்," என்றாள் பல்லி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

"பாதுகாப்புக்கா? நல்ல யோசனை. மத்தவங்களும் செய்யலாம்," என்று எழுதிக்கொண்டார். வெல்டர் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

பதிவாகிவிட்டது. ஓட்டுநர் பெயர், எஞ்சின் எண், எல்லாம். தொழில் என்ற கட்டத்தில் பல்லி தன் கையெழுத்தில் நிரப்பினாள்: பள்ளி வேன் ஓட்டுநர்.

மார்ச் 8, ஞாயிறு

பத்தொன்பது கார்கள். நாங்கள் பதினாறாவதாகக் கிளம்பினோம்.

மூன்றாவது சுற்றில் பல்லி வளைவில் சுழன்று புல்லுக்குள் போய் நின்றாள். பல்லி. சாலையை விட்டு. பதினெட்டு கிலோ பின்னால் இருப்பதை மறந்துவிட்டாள். வெளியே வர ரிவர்ஸ் போட்டாள். டிராக் முழுக்கக் கேட்டது: பீப், பீப், பீப்.

இரண்டாயிரம் பேர் சிரித்தார்கள். அறிவிப்பாளர் மைக்கை மூட மறந்து சிரித்தார். சித்தி முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் யார் சிரிக்க? பிறகு பார்த்தால் நானும்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கிருந்து ஆரம்பித்தாள். கடைசி இடத்திலிருந்து. வெயில் ஏற ஏற மற்ற கார்கள் மூச்சு வாங்கின. இரண்டு எஞ்சின்கள் புகைவிட்டு ஒதுங்கின. எங்களுடையது காலையில் வேலைக்குக் கிளம்பியது எப்படியோ அப்படியே ஓடியது. பதினொன்றாவதாக முடித்தாள். புள்ளி பத்தாவது இடம்வரைதான். பரவாயில்லை.

சிவப்புக் கோடு: ஏழு தடவை. எழுதி அனுப்பியாயிற்று. பீப் பற்றியும் எழுதினேன். உடைப்பவர் பதில் அனுப்பினார்: "நல்லா கேட்டுச்சா?"

டீலர் மகன் வேறொரு அணிக்கு ஓட்டி ஏழாவது வந்தான். மாலையில் எங்கள் பக்கம் வந்து, "அந்த சத்தம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது," என்று பல்லியிடம் கை கொடுத்தான். மேனேஜர் அவன் பெயரைச் சொல்லி என்ன கேட்டார் என்பதே அவனுக்குத் தெரியாது போலிருக்கிறது. உண்மையிலேயே நல்ல பையன். அவன்மேல் கோபப்பட முடியவில்லை என்பதே எனக்குக் கோபமாக இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

அண்ணன்-தம்பி இரண்டு பேர் நடத்தும் சின்ன அணி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை புகைவிட்டு ஒதுங்கியதில் ஒன்று அவர்களுடையது. எங்கேயோ தேடிப்பிடித்த பழைய எஞ்சின். இன்று மதியம் அண்ணன் போன் செய்தார். சுற்றிவளைத்து, குடும்ப நலம் எல்லாம் விசாரித்து, கடைசியில் கேட்டார்: "உங்க எஞ்சின் எங்கன்னு... சொல்ல முடிஞ்சா சொல்லுங்க. இல்லைன்னாலும் தப்பா நினைக்க மாட்டேன்."

அரை மணியில் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன்.

"யாரும் சொல்றதில்ல," என்றாள் சித்தி. "இந்தத் தொழில்ல அந்த வழக்கமே இல்ல. உடைப்பவர்கிட்ட மிச்சம் இருக்கறதே ரெண்டு எஞ்சின். ஒண்ணை அவங்க வாங்கிட்டா நமக்கு மாத்துக்கு ஒண்ணுதான்."

"அந்த வழக்கத்தாலதான் சித்தி, ஜனவரில ஒன்பது டீமும் ஒரே பதினொரு கம்பெனிக்குத் தனித்தனியா எழுதிக் கெஞ்சிக்கிட்டு இருந்தோம். ஒருத்தருக்கொருத்தர் தெரியாம."

வெல்டர் முகமூடியை இறக்கிக்கொண்டார். வழக்கமாக நான் இந்த இடத்தில் நானே முடிவு செய்து ஏதாவது செய்துவிடுவேன். இந்தத் தடவை பல்லியைப் பார்த்தேன். இழக்கப்போவது அவள்.

"நீ சொல்லு," என்றேன்.

கொஞ்ச நேரம் கிழிந்த கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் போனை வாங்கி அவளே அழைத்தாள். உடைப்பவரின் நம்பரை ஒவ்வொரு எண்ணாக, இரண்டு தடவை சொன்னாள். படிவத்தில் பதினான்காவது கேள்விக்கு உண்மையை எழுதுங்கள் அண்ணா என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டாள்.

போனை வைத்தபிறகு அங்கேயே டயர்மேல் உட்கார்ந்தாள்.

"அவங்க டிரைவர் என்னைவிட வேகம், தெரியுமில்ல? இனிமே எனக்குப் பதினொண்ணாவது இடம் கிடைக்காது."

"பத்தாவது வா," என்றேன்.